டயட்டீஷியன் தாளும் ராத்திரி இரண்டு சப்பாத்தியும்

தஞ்சாவூரான்:
"சுகர் வந்துவிட்டால் டயட்டீஷியன் சொல்வதை மறுபேச்சில்லாமல் கேளுங்கள். சோற்றை நிறுத்துங்கள், ராத்திரி சப்பாத்திக்கு மாறுங்கள்" என்று கொங்குத்தமிழ் இன்று காலை வேறோர் இழையில் உபதேசம் செய்திருக்கிறார். அங்கேயே பதில் போட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் தனி இழை.

எனக்கும் டைப் 2 தான். போன மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டரைப் பார்த்த கையோடு, உணவு ஆலோசனை என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். நான் என்ன சாப்பிடுகிறேன், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன், வீட்டில் யார் சமைக்கிறார்கள், எதுவும் கேட்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை உருவினார் அந்தப் பெண். மேலே என் பெயரை எழுதி, "இரவு: சப்பாத்தி 2" என்ற வரியைப் பேனாவால் சுழித்துக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான். பில்லில் அதற்குத் தனியாக 400 ரூபாய். எனக்கு முன்னால் போனவர் கையிலும் அதே தாள், அதே சுழி.

100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. கோதுமை மாவில் 65 முதல் 70 வரை. இந்த வித்தியாசத்துக்காகவா டெல்டாக்காரன் சோற்றைக் கைவிட வேண்டும்?

கொங்குத்தமிழ்:
முகத்தையெல்லாம் யாரும் தூக்கவில்லைங்க. கிளைசெமிக் இண்டெக்ஸ் என்று ஒன்று இருப்பது தெரியுமுங்களா? ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று 1981-ல் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்த கணக்கு. வெள்ளைச் சோறு பெரும்பாலும் 70-ஐத் தாண்டும். சப்பாத்தி 50, 60 பக்கம் நிற்கும். எனக்கு ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 9.1 இருந்தது. டயட்டீஷியன் சொன்னபடி ராத்திரி சப்பாத்திக்கு மாறினேன், இப்போது 6.9. உங்களுடையது எவ்வளவு என்று சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

தஞ்சாவூரான்:
அதே சமயத்தில் டாக்டர் மெட்ஃபார்மினைக் கூட்டினார் என்று நீங்களே மார்ச்சில் எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை பார்த்த வேலைக்குச் சப்பாத்திக்கு மாலை போடுகிறீர்கள். அதோடு, முன்பு நாலு கரண்டி சோறு தின்றவர் இப்போது இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுகிறீர்கள். இரண்டு கரண்டி சோற்றோடு எழுந்திருந்தாலும் குறைந்திருக்குமே?

செவிலி_ராணி:
முதலில் எந்த அளவு சப்பாத்தி என்று சொல்லுங்கள். 30 கிராம் மாவில் இட்டது என்றால் ஒன்றில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து. எங்கள் வார்டுக்கு வருகிறவர்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இடுகிறார்கள். அதுவே இருமடங்கு ஆகிவிடும். அளவு தெரியாமல் இரண்டு, மூன்று என்று பேசி என்ன பயன்?

தஞ்சாவூரான்:
அளவு கிடக்கட்டும் சிஸ்டர். எதற்குச் சப்பாத்தி என்பதுதான் கேள்வி.

கொங்குத்தமிழ்:
உங்கள் ஹெச்பிஏ1சி எவ்வளவு என்பதும் ஒரு கேள்விதானுங்க.

சிங்கை_சிவா:
இங்கே சிங்கப்பூரில் அரசு 2016-லேயே சர்க்கரை நோய்மீது போர் அறிவித்துவிட்டது. தட்டில் பாதி காய்கறி, பழம், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு பருப்போ மீனோ என்று படம் போட்டே காட்டுகிறார்கள். பாலிகிளினிக்கில் என் டயட்டீஷியன், நான் சாப்பிட்ட தட்டுகளைக் கைபேசியில் படமெடுத்துவரச் சொன்னார். மதியம் ஹாக்கர் சென்டரில் வாங்கிய சோற்றைப் பார்த்துவிட்டு "இதில் பாதியைக் கடைக்காரரிடமே குறைத்துக் கேளுங்கள்" என்றார். சப்பாத்தி என்ற பேச்சே வரவில்லை.

தஞ்சாவூரான்:
பார்த்தீர்களா! சிங்கப்பூரில்கூடச் சப்பாத்தி கிடையாது.

கொங்குத்தமிழ்:
சிவா அண்ணா சோற்றைப் பாதியாக்கச் சொன்னதைத்தான் சொல்கிறார். உங்களுக்குப் பாதி வரிதான் தெரிகிறது.

உமா_டயட்:
படிக்காமல் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். நான் டயட்டீஷியன், அரசு மருத்துவமனை. வெளிநோயாளி நாளில் வரிசை மாடிப்படி வரை நிற்கும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. முறைப்படி செய்ய முதல் தடவை முக்கால் மணி நேரமாவது வேண்டும். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன சாப்பிட்டார், என்ன மாத்திரை, சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு, நைட் ஷிப்டா, எல்லாம் கேட்க வேண்டும். சர்க்கரையை இறக்கும் கிளிமெபிரைடு மாத்திரை போடுகிறவர் "சோறுதானே ஆகாது" என்று ராத்திரி வெறும் வயிற்றோடு படுத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். விடியற்காலையில் வேர்த்து, கை நடுங்கி, வீட்டார் ஆட்டோ பிடித்துக்கொண்டு வருவார்கள். சிறுநீரகம் கெட்டவருக்குக் கீரையையும் இளநீரையும் அளந்துதான் சொல்ல முடியும். நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023-ல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொன்னது. நாங்கள் எத்தனை பேர் இருக்கிறோம்?

உங்களிடம் ஒன்றும் கேட்காமல் தாள் கொடுத்தது தப்புதான். அதற்காக எங்கள் எல்லாரையும் ஜெராக்ஸ் என்றால் எப்படி, சார்?

தஞ்சாவூரான்:
தப்பு என்று சொன்னதற்கு நன்றி மேடம். ஆனால் இவ்வளவு எழுதியும் சப்பாத்தி பற்றி ஒரு வரி இல்லை, கவனித்தேன். ஆமாமா, இல்லையா?

உமா_டயட்:
ஆளைப் பொறுத்தது.

தஞ்சாவூரான்:
எதிர்பார்த்த பதில்.

சரி, நானே சொல்கிறேன். 2025-ல் அதே ஐசிஎம்ஆர் குழுவின் ஆய்வு 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றினால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். சப்பாத்திக் கட்சி இதற்கு என்ன சொல்லப்போகிறது?

உமா_டயட்:
அடுத்த வரியையும் போடுங்கள் சார். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது, அதில் கொஞ்சத்தைக் குறைத்துப் பருப்பு, பால், முட்டை, மீன் பக்கம் போனால் அபாயம் குறைகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. சப்பாத்தி வேண்டாம் என்பதற்கு அதைக் காட்டினால் சோற்றுக்கும் அதுதான். தவிர, அது நோய் வரும் வாய்ப்பைப் பற்றியது. உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

கொங்குத்தமிழ்:
👏👏 மேடம்.

தஞ்சாவூரான்:
கை தட்டுகிறவர் கவனிக்கவும். மேடம் சப்பாத்தியையும் சேர்த்துத்தான் சாய்த்திருக்கிறார்.

சிறுதானியச்_செல்வன்:
சோறும் வேண்டாம், சப்பாத்தியும் வேண்டாம். நம் பாட்டன் குடித்த கேழ்வரகுக் கூழ் ஒரு மண்டலம் குடித்துப் பாருங்கள், மாத்திரையைத் தூக்கி எறியலாம். எந்த டயட்டீஷியனும் இதைச் சொல்லமாட்டார், அவர்களுக்குப் பிழைப்புப் போய்விடும். மாவு வேண்டுபவர்கள் தனிச்செய்தியில் வரவும்.

செவிலி_ராணி:
கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 65 முதல் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்லாதீர்கள், நான் கெஞ்சிக் கேட்கிறேன். அப்படி எறிந்தவர்களுக்குத்தான் நாங்கள் கால் புண் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

தஞ்சாவூரான்:
செல்வன் கடையைத் திறந்துவிட்டார். சர்க்கரை நோயைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954-லேயே சட்டம் இருக்கிறது, தம்பி.

சிறுதானியச்_செல்வன்:
நான் குணமாக்குவேன் என்று எங்கே சொன்னேன்? மாத்திரையைத் தூக்கி எறியலாம் என்றுதான் சொன்னேன். அரிசி ஆலைக்காரருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

தஞ்சாவூரான்:
என் மைத்துனர்தான் ஆலை வைத்திருக்கிறார். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைப் போன வருடமும் சொன்னேன்.

கொங்குத்தமிழ்:
ஓ! ஆலை இருக்கிறதுங்களா? இப்போது புரிகிறது சோற்றுப் பாசம்.

தஞ்சாவூரான்:
மைத்துனர் என்று எழுதியிருக்கிறேன். படிக்கத் தெரியுமா? பேச்சை மாற்றாதீர்கள். ஒருவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ராத்திரி இரண்டு சப்பாத்தி என்று எழுதிக்கொடுத்து 400 ரூபாய் வாங்குவது நியாயமா? இதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

உமா_டயட்:
தப்பு என்று மேலே நான் சொன்னது பதில் இல்லையா?

தஞ்சாவூரான்:
தாள் கொடுத்ததைத் தப்பு என்றீர்கள். சப்பாத்தியைத் தப்பு என்று சொல்லவில்லை.

சிங்கை_சிவா:
குளுக்கோமீட்டர் வைத்திருக்கிறீர்களா, சார்? ஒரு நாள் அளந்து சோறு, ஒரு நாள் அளந்து சப்பாத்தி. கூட்டு, குழம்பு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் உங்கள் உடம்புக்கு எது என்று தெரிந்துபோகும். அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு போனால் எந்த டயட்டீஷியனும் ஜெராக்ஸை எடுக்க மாட்டார்.

தஞ்சாவூரான்:
நான் ஏன் குத்த வேண்டும்? காசு வாங்கியவர் அல்லவா கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்?

கொங்குத்தமிழ்:
எண் தெரிந்துவிடுமே என்று பயம். மூன்று தடவை கேட்டாயிற்று, ஹெச்பிஏ1சி இன்னும் வரவில்லை.

தஞ்சாவூரான்:
இரண்டு தடவைதான் கேட்டீர்கள். எண்ணக்கூடத் தெரியாதவர் எனக்குக் கிளைசெமிக் இண்டெக்ஸ் பாடம் எடுக்கிறார். பொங்கலுக்கு வெல்லமும் கருப்பட்டியும் பற்றி இங்கே பெரிய சண்டை நடந்ததே, அதில் கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்று சாதித்தது யார்? நீங்கள் பிறகு அழித்துவிட்டீர்கள், ஆனால் படம் என்னிடம் இருக்கிறது. போடட்டுமா?

கொங்குத்தமிழ்:
தாராளமாகப் போடுங்க. அதற்குக் கீழே நீங்கள் உமா மேடத்தைப் பற்றி எழுதியதும் அதே படத்தில் இருக்கும்.

உமா_டயட்:
என்னைப் பற்றியா? என்ன எழுதினார்?