புதுப்பிப்பு: ராத்திரி கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது (நாகர்கோவில்)

வீட்டில் எல்லாரும் தூங்கினபின் ஏத்தங்காய் சிப்ஸ், மிச்சக் குழம்பு என்று வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறேன், காலையில் வேலைக்கு எழும்ப முடியவில்லை, கல்யாண வீடு என்றாலே கூச்சம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

முதலில் அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் பேசினேன். அப்புறம் மனநல மருத்துவரைப் பார்த்தேன். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்கிற, மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டிலேயே இது தனி நோயாக இருக்கிறது, வெறும் தீனி ஆசை இல்லை என்றார்.

எனக்குப் பலன் தந்தது இங்கே பதில் போட்ட தக்கலை அக்கா சொன்ன யோசனைதான்: “பகலில் பட்டினி கிடக்காதே.” மருத்துவரும் அதையே சொன்னார். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பாடு, சாயங்காலம் கொஞ்சம் மரச்சீனிக் கிழங்கு. ராத்திரி வெறி பெருமளவு அடங்கிவிட்டது. சிப்ஸ் டப்பாவைப் பூட்டுவது உதவவில்லை. சாவி இருக்கும் இடம் எனக்குத்தானே தெரியும்!

எதிர்பாராதது: எடை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் காலை பஸ்ஸை விடுவதில்லை, பந்தியிலும் உட்கார்ந்தாயிற்று. கவுன்சலிங் தொடர்கிறது.