வண்டி ரொம்ப ஹீட் ஆகிறது, உடனே உதவி வேண்டும்

குரோம்பேட்டைக்காரன்
எல்லோருக்கும் வணக்கம். நேற்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து வரும்போது கத்திப்பாரா தாண்டியதும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். பக்கத்துத் தெரு மெக்கானிக் போனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு) போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும், பதினெட்டாயிரம் வரை ஆகும் என்கிறார். பழைய வண்டிதான், ஆனால் அப்பா வாங்கியது, விற்க மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போக வேண்டும். வீட்டிலேயே செய்து பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா?

அம்பத்தூர் லேத்
என்ன வண்டி? எந்த வருடம்? பெட்ரோலா, டீசலா?

ஈ.சி.ஆர். ஓரம்
என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்? போரிங் தண்ணீரா, கேன் தண்ணீரா? அதற்கு முன்னால் உள்ளே இருந்தது கூலன்ட்டா (எஞ்சினைக் குளிர வைக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்), வெறும் தண்ணீரா? என்ன நிறம்?

ஆலந்தூர் டாக்ஸி
தம்பி, எஞ்சின் சூடான பிறகுதான் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுமே, அந்தத் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். அதெல்லாம் குளிர் நாட்டுக்காரன் வைத்தது. சென்னை வெயிலுக்கு அது எதற்கு? நான் வைத்திருந்த எல்லா வண்டியிலும் எடுத்துவிட்டேன், ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

டிப்ளமோ ஆட்டோ
இந்தக் குழுவில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன். வண்டியின் பெயர், வருடம், ஓடிய கிலோமீட்டர், எப்போது ஹீட் ஏறுகிறது, ஏசி போட்டிருந்ததா, இதெல்லாம் இல்லாமல் கேள்வி கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது. டாக்டரிடம் போய் வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றுங்கள். பழைய வண்டிகளில் பாதிப் பிரச்சனை அந்த மூடியில்தான். கூலன்ட் அழுத்தத்தில் இருந்தால்தான் அதன் கொதிநிலை உயரும். குக்கர் வெயிட் போலத்தான் அதுவும். ஸ்பிரிங் தளர்ந்து ரப்பர் வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது, சீக்கிரம் கொதிக்கும். மூடியின் மேலே 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். அதே எண் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

குரோம்பேட்டைக்காரன்
வேலையில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். சான்ட்ரோ ஜிங், 2009, பெட்ரோல். ஏசி போட்டிருந்தேன். மோட்டார் தண்ணீர்தான் ஊற்றினேன். உள்ளே இருந்தது லேசாகத் துரு நிறத்தில் இருந்தது.

அம்பத்தூர் லேத்
நல்ல வண்டி. நம்ம இருங்காட்டுக்கோட்டையில் செய்தது, பாகங்களுக்குப் பஞ்சமில்லை. மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஒன்று, பைபாஸில் 60, 70-ல் சீராக ஓடும்போது முள் இறங்குகிறதா? இரண்டு, சிக்னலில் நிற்கும்போது ஏசி காற்று சூடாகி, வண்டி நகர்ந்ததும் மறுபடி குளிர்கிறதா? மூன்று, எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மோர் மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறதா?

குரோம்பேட்டைக்காரன்
ஆமாம் அண்ணா, ஓட ஓட இறங்கிவிடும். நின்றால்தான் ஏறுகிறது. சிக்னலில் ஏசி காற்று வெதுவெதுப்பாகத்தான் வரும், அது ரொம்ப நாளாகவே இருக்கிறது. கேஸ் குறைவாக இருக்கும் என்று சொன்னார்கள். ஆயில் மூடி சுத்தமாக இருக்கிறது.

அம்பத்தூர் லேத்
அப்படியென்றால் எஞ்சினைப் பிரிக்க யாரையும் விடாதீர்கள். நீங்கள் இப்போது சொன்னதிலேயே பதில் இருக்கிறது.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கிறது. நின்றால் அந்த வேலை முழுக்க ஃபேனுடையது. ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால், காற்று இழுபடாதபோது ஏசியும் சேர்ந்து சூடாகும். நின்றால் இரண்டும் கெடுகிறது, ஓடினால் இரண்டும் சரியாகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான் வர வேண்டும். கேஸ்கட் போன வண்டி இப்படி நடந்துகொள்ளாது. ஆயிலில் தண்ணீர் கலந்து மூடியில் நான் கேட்ட அந்த வெள்ளை படியும், ரேடியேட்டரில் குமிழி வரும், காரணமே தெரியாமல் கூலன்ட் குறையும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும், காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) கல் மாதிரி இறுகிவிடும். இதில் ஒன்றாவது இருந்தால் அப்புறம் பேசலாம். ஆனால் சிவப்பு வரைக்கும் ஏறியிருப்பதால் இனிமேல் ஒரு தடவைகூட அங்கே ஏறவிடாதீர்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால் அந்தப் பதினெட்டாயிரம் உண்மையாகிவிடும்.

வீட்டிலேயே பாருங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். கம்ப்ரஸர் பிடித்ததும் முன்னால் ஃபேன் சுற்ற வேண்டும். ஒரு ஃபேன் உள்ள வண்டியும் உண்டு, இரண்டு உள்ள வண்டியும் உண்டு. இரண்டு இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஒன்று மட்டும் சுற்றினால் ஏமாந்துவிடாதீர்கள். சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால் ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்ச். ஃபியூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள வேறு ரிலே இருந்தால், எஞ்சினை அணைத்துவிட்டு, இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அதற்கும் சுற்றாவிட்டால் மோட்டாரின் முதுகில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், மோட்டாரை மாற்ற வேண்டும்.

கை, வேட்டி நுனி, துப்பட்டா எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. சூடாக இருக்கும்போது எஞ்சினை அணைத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுற்றும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்கிற அளவுக்கு ஆறிய பிறகுதான்.

டிப்ளமோ ஆட்டோ
ஃபேன் சந்தேகம் நியாயம்தான். ஆனால் சொல்லிக்கொடுப்பவர் முழுதாகச் சொல்ல வேண்டும். ஃபேன் ஓடாததற்குக் காரணம் கூலன்ட் டெம்பரேச்சர் சென்ஸராகவும் இருக்கலாம், அதன் கனெக்டரில் பாசி பிடித்தும் இருக்கலாம். கையில் மல்டிமீட்டர் இல்லாமல் இதில் இறங்குபவர்களால்தான் நல்ல ஒயரிங் எல்லாம் வீணாகிறது.

அம்பத்தூர் லேத்
சென்ஸர் சரிதான். அதனால்தான் ஏசி போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஏசி போட்டால் எஞ்சின் சூட்டுக்குக் காத்திருக்காமல் ஃபேன் சுற்றும். அப்போதும் சுற்றாவிட்டால் சென்ஸரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஈ.சி.ஆர். ஓரம்
ஃபேன் ஒரு பக்கம் இருக்கட்டும். துரு நிறம் என்றாரே, அதை யாரும் கவனிக்கவில்லையா? நம்ம ஊர் போரிங் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று குழாய் வாயைப் பார்த்தாலே தெரியும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் நீரே உள்ளே வந்துவிட்ட கிணறுகள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் சுண்ணாம்பு படிந்து மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். இரும்பு பாகம் துருப்பிடிக்கும், அலுமினியம் அரிக்கும். இங்கே பனி உறைவதில்லை, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருப்பிடிக்காமல் காக்கும் மருந்தும் அதில்தான் இருக்கிறது, வெறும் தண்ணீரில் அது கிடையாது.

வழியில் ஹீட் ஏறி வேறு வழியில்லை என்றால் எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம், எஞ்சின் பிழைத்தால் போதும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் முழுவதையும் வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஓடவிட்டு, வடிவது தெளிவாக வரும்வரை அலசி, புது கூலன்ட் ஊற்ற வேண்டும். கெட்டியாக வருகிற கூலன்ட் என்றால் டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். கலந்தே வருவது என்றால் ஒரு சொட்டும் சேர்க்க வேண்டாம்.

வடித்ததைத் தெருவில் கொட்டாதீர்கள். கூலன்ட் தித்திப்பாக இருக்கும், தெரு நாயும் பூனையும் நக்கும். அது விஷம், சிறுநீரகத்தை அழித்துவிடும். பக்கெட்டில் பிடித்து மூடிவைத்து, பழைய ஆயில் வாங்கும் ஒர்க் ஷாப்பில் கேட்டுப் பாருங்கள்.

ஆலந்தூர் டாக்ஸி
இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம். வால்வை எடுங்கள். தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் சூடு ஏறுமா? அம்பாசடர் காலத்திலிருந்து மெக்கானிக்குகள் செய்வதுதான் இது.

டிப்ளமோ ஆட்டோ
அண்ணே, இந்தப் பழக்கம்தான் நம்ம ஊரில் பாதி வண்டிகளைக் கெடுத்தது. பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் 80-லிருந்து 90 டிகிரிக்குள் திறக்கும். வெளியே 25 டிகிரியானாலும் கத்திரி வெயிலில் 40 ஆனாலும் அந்த எஞ்சினுக்கு இரண்டுமே குளிர்தான். வால்வு இல்லாவிட்டால் எஞ்சின் தன் சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும். இன்னும் குளிராக இருக்கிறது என்று சென்ஸர் சொல்வதால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாகத் தள்ளும், மைலேஜ் விழும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிக் கசடாகும். சில எஞ்சின்களில் வால்வை எடுத்தால் பைபாஸ் வழி திறந்தே இருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்ப எஞ்சினுக்குள் போகும். ஹீட் ஏறக் கூடாது என்று செய்த வேலையே ஹீட்டை ஏற்றும். அம்பாசடரில் கார்புரேட்டர், இதில் கம்ப்யூட்டர். இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

ஆலந்தூர் டாக்ஸி
புத்தகத்தில் படித்ததை எழுதுகிறீர்கள். ஏர்போர்ட் டிரிப் அடித்து ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்த வண்டி என்னுடையது. வால்வு ஒட்டிக்கொண்டு திறக்காமல் போனால் நடுரோட்டில் எஞ்சின் வெந்துவிடும். அந்த பயம் எனக்கு வேண்டாம்.

வடபழனி வாசன்
டாக்ஸி அண்ணன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது, ஒட்டிக்கொண்ட வால்வு ஆபத்துதான். ஆனால் அதற்குப் புது வால்வு போடலாமே. பாத்திரத்தில் தண்ணீர் சுடவைத்து உள்ளே போட்டால் கொதிவருவதற்குள் திறக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். சமையலுக்கு எடுக்காத பாத்திரமாக இருக்கட்டும்.

புதுசு பிரியன்
2009 வண்டி என்றால் 15 வருடம் தாண்டிவிட்டதே. அரசாங்கமே ஓட்டக் கூடாது என்கிறது. எதற்கு இதில் காசு போடுகிறீர்கள்? ஸ்கிராப்புக்குக் கொடுத்துவிட்டு புது வண்டி எடுங்கள், தினமும் நிம்மதியாகப் போய்வரலாம்.

வடபழனி வாசன்
இதை எல்லோரும் இப்படியே பரப்புகிறார்கள். டீசல் 10 வருடம், பெட்ரோல் 15 வருடம் என்ற உத்தரவு டெல்லி வட்டாரத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி இல்லை. 15 வருடம் முடிந்தால் ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தால் ஐந்து வருடம் ஓட்டலாம், அப்புறம் மறுபடி புதுப்பிக்கலாம். கட்டணம் கூடியிருப்பது உண்மை. 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. அதைக் கட்டியும்கூட, கடனில் வாங்கும் புது வண்டியின் சில மாதத் தவணைக்குத்தான் வரும்.

குரோம்பேட்டைக்காரன்
ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது.

புதுசு பிரியன்
சட்டத்தை விடுங்கள். பழைய வண்டியில் ஏர்பேக் உண்டா? ஏ.பி.எஸ். உண்டா? குழந்தைகளை உட்காரவைத்து ஹைவேயில் போகும்போது அதையும் யோசிக்க வேண்டும். அக்கறையில்தான் சொல்கிறேன்.

ஈ.சி.ஆர். ஓரம்
அந்தக் கவலை நியாயம். அதற்காகவே பிரேக் ஆயில், டயர், சீட் பெல்ட் மூன்றையும் பாருங்கள் என்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம்ம கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம். அந்த வயது டயரோடு மே மாதம் திண்டிவனம் ரோட்டில் போகாதீர்கள்.

அம்பத்தூர் லேத்
குரோம்பேட்டைத் தம்பி, ஃபேன் என்ன ஆயிற்று? அப்புறம், சான்ட்ரோவில் எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குவது டைமிங் பெல்ட்தான், செயின் இல்லை. கடைசியாக எப்போது மாற்றியது என்று அப்பாவிடம் கேளுங்கள். அது அறுந்தால் மொத்த எஞ்சினையும் பார்க்க வேண்டி வரும்.

குரோம்பேட்டைக்காரன்
ஏசி போட்டேன், ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. ரிலே மாற்றிப் பார்த்தும் இல்லை. தட்டினேன், ஓடியது. ஜி.பி. ரோட்டில் புது மோட்டார் வாங்கிப் போட்டாயிற்று. கூலன்ட்டும் மாற்றிவிட்டோம். பல்லாவரத்தில் ஏசியோடு நின்று பார்த்தேன், முள் பாதியைத் தாண்டவில்லை, ஏசியும் சில்லென்று இருக்கிறது. பெல்ட் பற்றி அப்பாவுக்கு நினைவில்லை. எல்லோருக்கும் நன்றி.

டிப்ளமோ ஆட்டோ
மூடி மாற்றினீர்களா?

அம்பத்தூர் லேத்
நினைவில்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்துக்கு முன்னாலேயே பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இது வீட்டில் செய்கிற வேலை இல்லை, டைமிங் மார்க் ஒரு பல் தப்பினாலும் சிக்கல். தெரிந்த கையிடம் கொடுங்கள். கூலன்ட் மாற்றிய வண்டியில் உள்ளே காற்று தங்கியிருக்கும். நாளைக் காலை வண்டி ஆறிய நிலையில் மூடியைத் திறந்து அளவு பாருங்கள், இறங்கியிருந்தால் அதே கலவையை ஊற்றுங்கள்.

தாம்பரம் ஸென்
எனக்கு இதற்கு நேர் எதிர். சிக்னலில் ஒன்றும் இல்லை, செங்கல்பட்டு தாண்டி வேகம் எடுத்தால்தான் முள் ஏறுகிறது. ஃபேன் நன்றாகவே சுற்றுகிறது.

அம்பத்தூர் லேத்
அப்படியென்றால் காற்று போதும், தண்ணீர் ஓட்டம்தான் போதவில்லை. ரேடியேட்டர் உள்ளடைப்பு, முழுக்கத் திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த வாட்டர் பம்ப், வேகத்தில் உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், இந்த நான்கையும் பாருங்கள். வண்டியை ஓட்டி வந்து நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, ரேடியேட்டர் முகத்தில் பல இடத்தில் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சுற்றிலும் சூடாக இருந்து நடுவில் ஒரு திட்டு மட்டும் ஆறியிருந்தால் அங்கே அடைத்திருக்கிறது. தனியாக ஒரு பதிவு போட்டு, கூலன்ட் நிறத்தையும் எழுதுங்கள்.