புதுப்பிப்பு: யுபிஐ டைம்அவுட் விஷயம் என்ன ஆச்சு?

போன பதிவில் நான் கேட்டது: யுபிஐ-யில் கட்டும்போது வங்கியிடமிருந்து பதில் வராமல் டைம்அவுட் ஆனால், திரையில் ‘தோல்வி’ என்று காட்டலாமா? எங்கள் குழுவில் பாதிப் பேர் காட்டலாம் என்றார்கள். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மாற்றம் இப்போது லைவில் இருக்கிறது.

டைம்அவுட் என்றால் தோல்வி இல்லை. என்ன நடந்தது என்று நமக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். ‘தோல்வி’ என்று போட்டால் கடையில் நிற்பவர் உடனே மறுபடி கட்டுவார், இரண்டு தடவை பணம் போகலாம். அதனால் இப்போது ‘உறுதி செய்து கொண்டிருக்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்’ என்று காட்டுகிறோம். சர்வர் இடைவெளி விட்டு நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வேலை அதிகம் பேக்எண்டில்தான், அதாவது திரைக்குப் பின்னால் சர்வர் பக்கம். கட்டணப் பக்கம் திறக்கும்போதே ஒரு ஐடெம்பொட்டன்சி கீ (அந்த ஒரு கட்டணத்துக்கு மட்டுமான அடையாளக் குறி) உருவாகிவிடும்; டேட்டாபேஸில் அதன் மேல் யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட், அதாவது ஒரே கீ இரண்டாவது தடவை பதிவாகாது. பட்டனை இரண்டு தடவை தட்டினாலும் இரண்டாவது அங்கேயே நின்றுவிடும். வெப்ஹூக்குக்கும் (கட்டணம் என்ன ஆனது என்று கட்டணச் சேவை நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்தி) இதே ஏற்பாடு, ஏனென்றால் ஒரே செய்தி இரண்டு முறை வருவது சகஜம்.

அப்புறம், பணம் எப்போது திரும்பும் என்று கேட்டவர்களுக்கு: ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, கணக்கில் கழிந்தும் வணிகருக்கு உறுதியாகாத யுபிஐ தொகை 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை உதவிப் பக்கத்தில் புதைக்காமல் அதே திரையில் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினேன், ஒப்புக்கொண்டார்கள். மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவு செய்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய ஆறுதல்.

செட்டில்மென்ட் கோப்போடு (உண்மையில் வந்து சேர்ந்த பணத்தின் பட்டியல்) கணக்குச் சரிபார்க்கும் பகுதி மட்டும் பாக்கி.