புதுப்பிப்பு: மீன்பிடிக்க லேசான லூர் செட் முடிவாகிவிட்டது

3 முதல் 10 கிராம் லூர்களுக்கு (மீனை ஈர்க்கும் செயற்கை இரை) எந்த ராட் (தூண்டில் கம்பு), ரீல் (லைனைச் சுற்றும் கருவி), லைன் (தூண்டில் நூல்) பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது கையில் இருப்பது 7 அடி லைட் ராட், 2500 அளவு ஸ்பின்னிங் ரீல், 10 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு (இழைகளைப் பின்னிய லைன்).

பெரிய வித்தியாசம் லைனில்தான். மெல்லிய பிரெய்டு கைடுகளில் (ராடில் லைன் செல்லும் வளையங்கள்) அதிகம் உரசாததால் 5 கிராம் ஸ்பூன்கூட (கரண்டி வடிவ உலோக லூர்) நல்ல தூரம் போகிறது. லூர் அடித்தரையைத் தொடுவதும் கையில் தெரிகிறது. ஆனால் பிரெய்டு நீண்டு கொடுக்காது, பாறையில் உரசினால் சட்டென்று அறுந்துவிடும். அதனால் முனையில் ஒரு மீட்டர் ஃப்ளூரோகார்பன் லீடர் (உரசலைத் தாங்கும் முனைத் துண்டு லைன்), இரண்டு லைன்களை இணைக்கும் டபுள் யூனி முடிச்சில். டிராகை (மீன் இழுக்கும்போது லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) லைன் வலுவில் கால் பங்குக்கு வைத்திருக்கிறேன். மீன் திடீரெனப் பாய்ந்தாலும் தூண்டில் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வருவதில்லை.

அப்புறம், ஸ்பூலை (ரீலில் லைன் சுற்றியிருக்கும் உருளை) விளிம்பு வரை நிரப்பாதீர்கள். வீசியதும் பெயிலை (ரீலில் திறந்து மூடும் கம்பி வளைவு) கையால் மூடி, லைனை ஒருமுறை இழுத்துவிட்டுச் சுற்றினால் சிக்கல் விழுவது வெகுவாகக் குறையும்.