மட்டக்களப்பு – அம்பாறை எல்லைக் கிராமங்கள்: மாணவர்களை எங்கெங்கு அழைத்துச் செல்லலாம்?

கேள்வி – பெரியகல்லாறு ஆசிரியர்

உயர்தரப் புவியியல் மாணவர்களை இரு மாவட்டங்களும் சந்திக்கும் கிராமங்களுக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். துறைநீலாவணை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் பிரதான வீதியிலிருந்து அங்கு செல்பவர் அம்பாறை மாவட்டத்துப் பெரியநீலாவணையில்தான் திரும்ப வேண்டும். எல்லை இவ்வாறு அமைந்த பின்னணியை நேரில் காட்டி விளக்க எந்த இடங்கள் பொருத்தமானவை?

பதில் – வெல்லாவெளி விவசாயி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். முதலில் வாய்க்கால்களைக் காட்டுங்கள். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இந்நிலம் முழுவதும் மட்டக்களப்பு மாவட்டமாகவே இருந்தது. அதற்கு முன்னரே, 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், நாம் பட்டிப்பளை ஆறு என்று அழைக்கும் ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியது; அங்கிருந்து இடதுகரை வாய்க்கால் வடக்கு நோக்கி வெட்டப்பட்டு, அதன் நீரை நம்பிக் குடியேற்றங்கள் எழுந்தன. அவற்றுக்குப் பெயர் சூட்டாமல் எண்களையே இட்டார்கள். இன்று 37ஆம், 40ஆம் கொலனிகள் மட்டக்களப்பு மாவட்டத்து எங்கள் போரதீவுப்பற்றுப் பிரிவிலும், அதே வரிசையில் வந்த 4ஆம் கொலனி அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளிப் பிரிவிலும் இருக்கின்றன. எல்லை பின்னால் வந்தது என்பதற்கு இந்த எண்களே போதுமான சான்று என்பது என் கருத்து.

வாய்க்காலின் தலைப்பில் வயல் செய்பவருக்குக் கிடைக்கும் நீர் கடைக்கோடியில் உள்ளவருக்கு அதே அளவில் வந்து சேர்வதில்லை. மழை குறைந்த காலத்துச் சிறுபோகத்தில் இது கண்கூடாகத் தெரியும். மாணவர்கள் விவசாயிகளிடமே கேட்டு எழுதட்டும். நேரமிருந்தால் நவகிரிக் குளத்தையும் பாருங்கள். மாலைக்கு முன் திரும்பிவிடுங்கள், இப்பகுதியில் யானைகளின் நடமாட்டம் உண்டு.

பதில் – மண்டூரிலிருந்து

களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வருவது எளிது என்றாலும், குருமண்வெளியில் படகுப்பாதையில் (ஆட்களைக் கரை சேர்க்கும் மிதவையில்) ஏறி மண்டூருக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி எழுவான்கரையையும் (கிழக்குக் கரை) படுவான்கரையையும் (மேற்குக் கரை) எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை மாணவர்கள் நீரின் நடுவில் நின்று பார்க்கலாம். கரையேறியதும் சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் எங்கள் முருகன் ஆலயம் இருக்கிறது. பூசகரான கப்புகனார் வாய்கட்டித் திரைக்குப் பின்னால் பூசை செய்யும் மரபு இன்றும் இங்கு காக்கப்படுகிறது. ஆவணிப் பூரணைத் தீர்த்தத்திற்கு இரு மாவட்டத்து அடியார்களும் வருவார்கள். மாவட்டம் பிரிந்ததால் எங்கள் கோயில் உறவுகள் பிரியவில்லை என்பதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் – நாவிதன்வெளி வாசி

மண்டூரிலிருந்து வந்த வழியே திரும்பாமல் எங்கள் பக்கமாக வாருங்கள், சேர். அன்னமலை, சவளக்கடை ஊடாகக் கிட்டங்கிக்கு வந்து கல்முனையை அடைந்தால், பெரியநீலாவணை வழியாகவே கல்லாற்றுக்குப் போய்ச் சேரலாம். ஒரே சுற்றில் எல்லையின் இரு பக்கமும் பார்த்து முடியும். கிட்டங்கித் தாம்போதியை (நீருக்குக் குறுக்கேயுள்ள தாழ்வான வீதியை) மாரிகால வெள்ளம் மூடும்போது, அருகிலுள்ள கல்முனைக்கே நாங்கள் நெடுந்தூரம் சுற்றிப் போக நேர்கிறது. ஆகவே வடகீழ்ப் பருவமழை வலுக்கும் முன்னர், ஒக்டோபருக்குள் பயணத்தை வைத்துக்கொள்வது நல்லது.