எழுவான்கரை, படுவான்கரை: இதை 'டைக்கொட்டமி' எண்டு எழுதலாமா?

வாவியோரம்:
வணக்கம். ஒரு மலருக்கு ஆங்கிலத்தில கட்டுரை எழுதிக் குடுத்தனான். மட்டக்களப்பு வாவிக்கு அங்காலயும் இங்காலயும் சனம் எப்பிடிச் சீவிக்குது எண்டதுதான் விசயம். அதில 'எழுவான்கரை, படுவான்கரை என்கிற டைக்கொட்டமி' (dichotomy, இரண்டாப் பிரிஞ்ச பிரிவு) எண்டு ஒரு இடத்தில எழுதியிருந்தன். தொகுக்கிறவர் அந்தச் சொல்லை வெட்டிப்போட்டு, 'பிழையான பாவிப்பு, இரண்டு பக்கங்கள் எண்டு போடுங்க' எண்டு திருப்பி அனுப்பியிருக்கார்.

எனக்கு உடன்பாடில்ல. கிரேக்கத்தில 'டிக்கா' எண்டா இரண்டாக, 'டெம்னெய்ன்' எண்டா வெட்டுறது. வெட்டேலாதது எண்ட கருத்தில அணுவுக்கு 'அற்றம்' எண்டு பேர் வந்ததும் அதே வேரிலயிருந்துதான். நம்மட வாவி நிலத்தை நீளத்துக்கு வெட்டிக்கொண்டு கிடக்கு. சூரியன் எழுற பக்கம் எழுவான், படுற பக்கம் படுவான். இதுக்குப் பொருந்தாத சொல் வேற எதுக்குப் பொருந்தும்?

அளவை ஆசான்:
தம்பி, அவர் வெட்டியது சரிதான். ஒரு சொல்லின் வேர் வேறு, அது இன்று சுமக்கும் பொருள் வேறு. உயர்தர வகுப்பில் அளவையியல் (தர்க்கம்) படிப்பிக்கிறேன், பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுக்குப்படுவார்கள். டைக்கொட்டமி என்றால் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்கக்கூடாது. இரண்டையும் கூட்டினால் முழுவதும் அடங்க வேண்டும், வெளியே எதுவும் மிஞ்சக்கூடாது.

இப்போது சொல்லுங்கள், புளியந்தீவு எந்தக் கரை? போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை நிற்கிற அந்தத் தீவு வாவிக்குள் இருக்கிறது. நமது பட்டினமே அதில்தான். வடக்கே இருக்கிற வாழைச்சேனை, வாகரைப் பக்கத்து ஆட்களிடம் 'நீங்கள் எழுவானா, படுவானா' என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியே அவர்களுக்குப் பொருந்தாது.

சுத்தமான உதாரணம் வேண்டுமென்றால் தொல்காப்பியத்துக்குப் போங்கள். 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே.' மக்கள், மக்கள் அல்லாத எல்லாம். 'அவரல பிற' என்று சொன்ன உடனே மிச்சம் என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. வெட்டு என்றால் இது.

கொக்கட்டி நிழல்:
சேர், புளியந்தீவை வச்சுக் கணக்கை முடிச்சிட்டீங்க. நான் படுவான்கரையில பிறந்து வளர்ந்தவன். 2014இல மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் எங்களுக்கு அந்தத் துறையில பாதைதான், ஆளையும் வண்டியையும் ஏத்துற தட்டைப் படகு. பின்னேரம் பாதை நிண்டாப் பிறகு வருத்தக்காரரை வச்சுக்கொண்டு கரையில நிண்ட சனத்திட்டப் போய், புளியந்தீவு எதில அடங்குது எண்டு ஆரும் கேக்கேல்ல. அக்கரையில வெளிச்சம் தெரியும். இஞ்ச குப்பி விளக்கு.

குறுமண்வெளித் துறைக்கு இண்டைக்கும் விடியப்புறம் போய்ப் பாருங்க. மண்டூருக்குப் படிப்பிக்கப் போற ரீச்சர்மார் மடியில சோத்துப் பார்சலோட, மோட்டச்சைக்கிள் நெருக்கமா ஏத்தி, நடுவில பசளை மூட்டை. காத்து எழும்பினா எல்லாரும் கரையைப் பார்த்துக்கொண்டு நிப்பாங்க. 'இரண்டு பக்கங்கள்' எண்டு எழுதினா அந்தத் தண்ணியே காணாமப் போயிரும். தம்பி, உங்கட சொல்லை விடாதீங்க.

கல்முனை ரீச்சர்:
நான் உயிரியல் ஆள், அந்தப் பக்கத்தால ஒண்டு சொல்லவேணும். சேர்ட நிபந்தனைகள் அளவையியலுக்குச் சரி. ஆனா அந்தச் சொல் எல்லாத் துறையிலயும் அதே கண்டிப்போட வாறதில்ல.

தாவரவியலில இணைக்கவர்க் கிளைகொள்ளல் (dichotomous branching) எண்டு படிப்பிக்கிறம். செலாஜினெல்லா எண்ட செடியில தண்டுட நுனி இரண்டாப் பிரிஞ்சு வளரும், ஒவ்வொண்டும் மறுகாவும் இரண்டாகும். அங்க ஒண்டுக்கொண்டு எதிர் எண்டு எதுவும் இல்ல, இரண்டும் ஒரே தண்டுதான். வானியலில சந்திரன் சரிபாதி ஒளியோட நிக்கிற கணத்துக்கும் இதே பேர்தான். பழைய கிரேக்க வானியலாளர் அரிஸ்டார்க்கஸ் அந்தக் கணத்தில சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையில இருக்கிற கோணத்தை 87 பாகை எண்டு எடுத்துத்தான் சூரியன்ட தூரத்தைக் கணக்குப் பார்த்தார். அவர் நினைச்சதைவிட அது 90க்குக் கனக்கக் கிட்ட, ஆனா வழி சரி.

இணைக்கவர்ச்சுட்டியையும் பாருங்க, உண்டு, இல்லை எண்டு இரண்டிரண்டாப் பிரிச்சு இனங்காணுற முறை. வாவிக்கரையில கண்டல், கண்ணா எண்ட சதுப்புநிலச் செடிகளைப் பிடுங்கி வந்து மேசையில வச்சிட்டு, 'மிண்டி வேர் உண்டு, மிண்டி வேர் இல்லை' எண்டு பிள்ளையளைப் பிரிக்கச் சொல்லுவன். தண்டைத் தாங்கி நிக்கிற மிண்டி வேர் நிண்டா கண்டல். இல்லாத பக்கத்தில மூச்சு வேர் நிமிர்ந்து நிக்கிற கண்ணா. அந்த மேசையில இருக்கிற செடிகளுக்கு அது போதும். இல்லாத பக்கத்தில விழுற எல்லாம் ஒரு குடும்பம் எண்டு நாங்க சொல்லுறதில்ல. அதே மாதிரி, எழுவான், படுவான் எண்டதும் வாவிட தென்பாதிக்கு எண்டு எல்லை போட்டு எழுதினா நிக்கும்.

அளவை ஆசான்:
ரீச்சர் கடைசியாகச் சொன்ன இடம்தான் முக்கியம். இல்லாத பக்கத்தில் விழுவது ஒரு இனம் அல்ல. அரிஸ்டோட்டில் விலங்குகளை இப்படி இரண்டிரண்டாக வெட்டிக்கொண்டு போனவர்களை இதற்காகத்தான் கண்டித்தார். 'காலில்லாதவை' என்ற இன்மையை எதைக் கொண்டு மேலும் பிரிப்பது என்று கேட்டார். பிளேட்டோவின் உரையாடல் ஒன்றிலும் இது வருகிறது. மனிதரைக் கிரேக்கர், கிரேக்கரல்லாதார் என்று பிரிப்பது பிழையான வெட்டு என்கிறார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத எத்தனையோ சனங்களை ஒற்றைப் பெயருக்குள் போட்டுவிட்டு, பெயர் ஒன்று என்பதால் இனமும் ஒன்று என்று நினைக்கிறோம். எண்களில் பத்தாயிரத்தை மட்டும் தனியே எடுத்துவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் ஒரு வகை என்பது போல என்கிறார். என் இரண்டு நிபந்தனைகளும் அங்கே நிறைவேறுகின்றன. ஆனாலும் அது கெட்ட வெட்டு.

கொக்கட்டி நிழல் சொன்ன கஷ்டம் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படுவான்கரையில் இருக்கிற வவுணதீவும் வெல்லாவெளியும் மண்டூரும் ஒரே மாதிரியா? ஒரு பெயருக்குள் போட்டால் அந்த வித்தியாசம் அழிந்துபோகும். இன்னொன்று, எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உள்ள போடியார் எந்தப் பக்கம்? விதைப்புக்கும் வெட்டுக்கும் வட்டையில் (வயல்வெளியில்) வாடி போட்டுக் கிடப்பார், பிள்ளைகள் எழுவான்கரையில் படிப்பார்கள். நிலம் கலக்கவில்லை, மனிதன் கலந்துவிட்டான்.

வாவியோரம்:
சேர், அப்ப கொம்புமுறியை எடுங்க. கண்ணகி அம்மனுக்கு நடக்கிற விளையாட்டு. ஊர் முழுக்க வடசேரி, தென்சேரி எண்டு இரண்டாகும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். இரண்டு கொம்பையும் கொளுவிக் கயிறு கட்டி இழுப்பாங்க, ஒண்டு முறியும் வரைக்கும். நடுவில நிக்கிறவன் எண்டு ஒருத்தனும் இல்ல. இது உங்கட இரண்டு நிபந்தனைக்கும் வருதுதானே?

அளவை ஆசான்:
வருகிறது. மூன்றாம் சேரி இல்லை, இரண்டு சேரியிலும் இருப்பவனும் இல்லை. அதற்கு அந்தச் சொல்லைத் தாராளமாக எழுதுங்கள். ஆனால் கூத்தின் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணிகளுக்கு எழுதிவிடாதீர்கள். பலர் எழுதுகிறார்கள். மகிடி, வசந்தன், பறைமேளக்கூத்து போன்ற மற்றக் கூத்து வகைகள் அதற்குள் அடங்காமல் வெளியே நிற்கின்றன.

இருக்கும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வழியில் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பது 'டிலெமா', டைக்கொட்டமி அல்ல. பிரிவுக்குத்தான் அந்தப் பெயர், பிரிந்த பாதி ஒவ்வொன்றுக்கும் அல்ல. 'இரண்டு டைக்கொட்டமிகளில் ஒன்று' என்று பரீட்சைத் தாளில் காணும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கும்.

கல்முனை ரீச்சர்:
பெயர்களைப் பற்றி ஒண்டு. எழுவான்கரை எண்டு ஆர் சொல்லலாம்? அந்தக் கரையிலயே நிக்கிற ஆளுக்குச் சூரியன் எழும்புறது கடலில. தன்ட கரையில எழும்புறதா அவர் காணமாட்டார். படுவானில நிக்கிறவருக்குத்தான் அது எழுவான். அதே மாதிரி எழுவானில நிக்கிறவருக்குத்தான் மற்றது படுவான். ஒவ்வொரு கரையும் மற்றக் கரை வச்ச பேரைச் சுமக்குது. இல்லாட்டி நடு வாவியில வள்ளத்தில இருந்த ஆரோ வச்சிருக்கவேணும். கிரேக்கர், மற்றவர் எண்ட மாதிரி ஒரு பக்கம் மட்டும் நிண்டு போட்ட வெட்டு இல்ல இது. சேர், பிளேட்டோட குற்றச்சாட்டு இதுக்குப் பொருந்தாது எண்டுதான் எனக்குப் படுது.

அளவை ஆசான்:
பெயர் வைத்ததில் நீங்கள் சொல்லும் நியாயம் இருக்கிறது. இன்று பாவிக்கிற விதத்தில் அது இல்லை. 'படுவான்கரைக்கு மாற்றம்' என்று ஒரு உத்தியோகத்தருக்குச் சொன்னால் அவர் முகம் போகிற போக்கைப் பாருங்கள். அந்தச் சொல்லை எல்லாரும் இப்போது ஒரே கரையில் நின்றுதான் சொல்கிறார்கள்.

வாவியோரம்:
சேர், ரீச்சர், அண்ண, மூண்டு பேர் சொன்னதையும் வச்சு வசனத்தை இப்பிடி மாத்தியிருக்கன். சொல்லை எடுக்கேல்ல.

'வாவியின் தென்பாதியில் நிலம் எழுவான், படுவான் என்ற டைக்கொட்டமியாகப் பிரிந்து கிடக்கிறது. ஆனால் களுவாஞ்சிகுடியில் வீடும் போரதீவில் வயலும் உள்ள மனிதர் அந்தப் பிரிவுக்குள் அடங்குவதில்லை.'

அளவை ஆசான்:
நிலத்துக்கு என்று எல்லை கட்டிவிட்டீர்கள். இனி என்னிடம் மறுப்பில்லை. தொகுக்கிறவருக்கு இந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

கொக்கட்டி நிழல்:
எனக்கு மறுப்பு இருக்கு தம்பி. நீங்க எழுதின மனிசன் எழுவான்கரைப் போடியார். அவர் வேண்டின நேரம் இக்கரை வருவார், வேண்டின நேரம் போவார். அவருக்கு வெட்டிக் கூலி வாங்கிற எங்கட ஆக்களுக்கு அக்கரையில வீடும் இல்ல, இக்கரையில வயலும் இல்ல. அவங்க உங்கட சொல்லுக்குள்ள முழுசா அடங்குறாங்க. அவங்களுக்கும் அதில ஒரு வரி எழுதுங்க.