மெய்டன் காசில்: அந்த மண் அரண்கள் போருக்கா, பெருமைக்கா?

கரிசல்மண்:
இங்கிலாந்தில் டார்செஸ்டர் நகருக்கு அருகே உள்ள மெய்டன் காசில் மலைக்கோட்டையின் அரண்கள் வெறும் பெருமைக்காக எழுந்தவை என்று இங்கே ஓடைக்கல் எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. கி.மு. 600 வாக்கில் 6.4 ஹெக்டேரில் தொடங்கிய கோட்டை பிறகு 19 ஹெக்டேராக விரிந்தது. கரையை உயர்த்தி, அகழியை ஆழப்படுத்தி, அதற்கும் வெளியே மேலும் கரைகள் எழுப்பினார்கள். பயமில்லாதவர்கள் இவ்வளவு மண் சுமக்க மாட்டார்கள்.

ஓடைக்கல்:
சுமப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூடிச் செய்த அந்த வேலைதான் சிதறிக் கிடந்த குடிகளை ஓர் ஊராக்கியது. தொலைவில் வருபவன் பார்த்ததும் மலைக்க வேண்டும், அதுவே நோக்கம்.

கரிசல்மண்:
கிழக்கு வாசலைப் பாருங்கள். நேராக நுழைய வழியே இல்லை. கரைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போக வேண்டும். மேலே நிற்பவனின் வீச்சுக்குள்தான் முழு நடையும். மார்ட்டிமர், டெஸ்ஸா வீலர் தம்பதியர் 1934இல் தொடங்கிய அகழாய்வில் அந்த வாசலருகே 20,000க்கும் அதிகமான கவண்கற்கள் கிடைத்தன. செசில் கடற்கரையிலிருந்து அளவு பார்த்துப் பொறுக்கி வந்த வழவழப்பான கூழாங்கற்கள். தாக்குதலை எதிர்பார்த்தவர்களின் ஏற்பாடு இது.

நெல்மணி:
1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய அதே மார்ட்டிமர் வீலர்தான். வாசலில் கிடைத்த எலும்புக்கூடுகளை, கி.பி. 43இல் பிரிட்டன்மீது படையெடுத்து வந்த ரோமானியப் படை ஒரே தாக்குதலில் கொன்றவர்களுடையவை என்றார். ஒருவரின் முதுகெலும்பில் இரும்பு முனை குத்தியபடியே இருந்தது. ஆனால் போர்ன்மத் பல்கலைக்கழகத்தினர் மீண்டும் காலக்கணிப்பு செய்து 2025இல் வெளியிட்ட முடிவு வேறு: கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதி தொடங்கிப் பல பத்தாண்டுகளில் அவர்கள் வெவ்வேறு சமயங்களில் இறந்திருக்கிறார்கள்.

ஓடைக்கல்:
அப்படியானால் பெரிய முற்றுகைக்கு இருந்த முக்கியச் சான்றே போய்விட்டது.

கரிசல்மண்:
ரோமானியர் கதைதான் போனது. வெட்டுக்காயங்கள் போகவில்லையே. பல பத்தாண்டுகள் உள்ளூர்ப் பகையில் மனிதர்கள் மடிந்தார்கள் என்றால் பகைவன் பக்கத்திலேயே இருந்தான். அவனுக்குத்தானே அரண் வேண்டும்?

ஓடைக்கல்:
அந்தக் காலத்தில் அரண் ஏது? கோட்டைக்குள் குடியிருப்பு சுருங்கிக் கிழக்கு ஓரத்தில் ஒதுங்கிவிட்டது. வாசல் அரண்களின் மீதே ஆட்கள் குடியேறினார்கள், இறந்தவர்களையும் அங்கேயே புதைத்தார்கள். காவலுக்கு வைத்திருந்த இடத்தை யாராவது இப்படி விடுவார்களா?

கரிசல்மண்:
அது கடைசிக் கட்டம். அகழியை ஆழப்படுத்தியவர்களின் நோக்கத்தை, பல தலைமுறை கழித்து அதன்மேல் குடியேறியவர்களை வைத்து எப்படி அளப்பீர்கள்? வளைவு வாசல் கட்டப்பட்ட காலத்துக்கு உங்களிடம் உள்ள சான்றைச் சொல்லுங்கள், மேலே பேசுவோம்.